பட்டது போக மிஞ்சியது



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், பாதி பட்டுப்போன ஒரு போன்சாய் மரம். முழுதும் பட்டுப்போனதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. நன்றாகத் தழைத்து நிற்பதைப் பற்றியும் அதிகம் பேச வேண்டியதில்லை, அதற்குத்தான் கண்காட்சிகள் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற மரம்தான் நமக்குச் சிக்கல். ஷிம்பாகு என்று ஜப்பானியர்கள் சொல்லும் ஜூனிப்பர் மரம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். முப்பது ஆண்டு வளர்ப்பு. கூர்மையான உச்சி, இடமும் வலமும் மாறி மாறி அடுக்கிய கிளைகள், ஒவ்வொரு கிளையிலும் மெத்தை மெத்தையாகப் பச்சை. ஒரு கோடை முடிகிறது. உச்சி பழுக்கிறது. இடப்பக்கக் கிளைகள் பழுக்கின்றன. தொட்டால் உதிர்கின்றன. வலப்பக்கத்தில் கீழே ஒரே ஒரு கிளை மட்டும், தன் பங்குக்கு எதுவுமே நடக்காததுபோலப் பச்சையாக நிற்கிறது. இந்த மரத்தை என்ன செய்வது?

வழக்கமாக இரண்டு பதில்கள் வரும். தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கு என்பது ஒன்று. பழைய உருவத்தை எப்படியாவது மீட்டுவிடு என்பது மற்றொன்று. அதாவது, பட்ட கிளை இருந்த இடத்துக்கு வேறொரு கிளையை வளைத்து இழு, உச்சி போன இடத்தில் ஒரு கொழுந்தை நிமிர்த்திக் கட்டு, நடந்தது ஒன்றும் வெளியே தெரியாமல் செய். முதல் பதிலில் அலட்சியம் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதில் பாசம் இருப்பதால் அதன் தவறு கண்ணில் படுவதில்லை. நான் இன்று வாதிடப்போவது இதைத்தான்: பாதி பட்ட மரத்தில் காப்பாற்ற வேண்டியது மரத்தை; கைவிட வேண்டியது அதன் பழைய உருவத்தை. புதிய உருவம் எது என்பதை, உயிர் எந்தப் பட்டை வழியாக வேரிலிருந்து இலைக்குப் போகிறதோ அந்தப் பட்டை தீர்மானிக்க வேண்டும். வளர்ப்பவரின் ஞாபகம் தீர்மானிக்கக் கூடாது.

இதை வெறும் ரசனையாகச் சொல்லிவிட்டுப் போக நான் வரவில்லை. மரத்தின் உடற்கூறே இதற்குச் சாட்சி. மரத்தில் சாவு என்றால் என்ன? விலங்குக்கு அது ஒருமுறை வருவது, வந்தால் முடிந்தது. மரத்துக்கு அப்படியா? கம்பீரமாக நிற்கும் எந்தப் பெரிய மரத்தையும் குறுக்கே அறுத்துப் பாருங்கள். நடுவில் இருக்கும் வைரக்கட்டை முழுவதும் உயிரற்றது. பட்டைக்கு அடியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் மெல்லிய வளர்படலம்தான் ஆண்டுதோறும் வெளிப்பக்கம் புதுப்பட்டையையும் உள்பக்கம் புதுக்கட்டையையும் கட்டுகிறது. அமெரிக்க வனத்துறையில் ஆய்வாளராக இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைச் சங்கிலி ரம்பத்தால் நெடுக்கே பிளந்து பார்த்தவர். அவரும் அவர் சகாக்களும் 1977இல் வகுத்துச் சொன்ன கொள்கை இன்றும் மரவைத்தியத்தின் அடிப்படையாக இருக்கிறது. காயம்பட்ட திசுவை மரம் பழையபடி ஆற்றிக்கொள்வதில்லை. அழுகல் பரவாதபடி அதைச் சுற்றி உள்ளேயே சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புதிதாக வளர்கிறது. அப்படியானால் பட்ட பகுதி திரும்பி வரும் என்று காத்திருப்பது மரத்திடம் இல்லாத ஒரு திறமையை அதனிடம் கேட்பதாகும். பட்டது பட்டதுதான். மரம் அதை ஒதுக்கிவிட்டு அப்பால் போய்விட்டது. நாம்தான் இன்னும் அங்கேயே நிற்கிறோம்.

இதிலும் ஜூனிப்பருக்கு ஒரு தனிக்குணம் உண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், நயாகரா அருவி விழுகிற அதே பாறைத்தொடரின் செங்குத்து முகங்களில், ஜூனிப்பரின் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவகை மரம் பாறை வெடிப்புகளில் வேர்விட்டு நிற்கிறது. ஆளுயரம்கூட இல்லாத மரங்கள் பல அதில் உண்டு. குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டக்ளஸ் லார்சன் குழுவினர் அவற்றின் வளர்ச்சி வளையங்களை எண்ணிப் பார்த்தபோது ஆயிரம் ஆண்டைத் தாண்டிய மரங்கள் இருப்பது தெரியவந்தது. அதைவிட நமக்கு முக்கியமானது அவர்கள் செய்த இன்னொரு சோதனை. ஒரு வேருக்குச் சாயம் கலந்த நீரை ஊட்டி, அது மரத்தில் எங்கே ஏறுகிறது என்று பார்த்தார்கள். மரம் முழுக்க அது பரவவில்லை. அந்த வேருக்கு நேர் மேலே இருக்கும் தண்டின் ஒரு நெடுங்கீற்று வழியாக ஏறி, அந்தக் கீற்றில் கிளைத்த கிளைகளுக்கு மட்டும் போயிற்று. தேர்வடத்தில் பல புரிகள் முறுகி ஒரே வடமாகத் தெரிவதுபோல, இந்த மரத்தின் தண்டும் வெளியே ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே பல புரிகள். ஒரு புரி அறுந்தால் அதன் வேரும் கிளையும் போகும். மற்றப் புரிகள் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். நம் தொட்டியில் இடப்பக்கமும் உச்சியும் பட்டு, வலப்பக்க அடிக்கிளை மட்டும் தப்பியது ஏன் என்பது இப்போது விளங்குகிறதா?

இன்னும் உயரே போவோம். கலிபோர்னியாவின் வொயிட் மலைகளில் பிரிஸ்டில்கோன் பைன் மரங்கள் நிற்கின்றன. எட்மண்ட் ஷுல்மன் என்ற ஆய்வாளர் 1957இல் அங்கே மாதிரி எடுத்த ஒரு மரத்துக்கு வயது 4,800க்கு மேல். மெத்தூசலா என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்த மலையின் மூத்த மரங்கள் பலவற்றைச் சுற்றி வந்து பார்த்தால், தண்டின் பெரும்பகுதி பட்டையில்லாமல் காற்றும் மணலும் தேய்த்த வெறும் கட்டையாக இருக்கும். உயிருள்ள பட்டை சிலவற்றில் ஒரு சாண் அகலம்தான். நல்ல மண்ணும் நீரும் உள்ள இடத்தில் வளர்ந்த அதே இனத்து மரங்கள் கொழுத்து வளர்ந்து முன்னதாகவே முடிந்துபோகின்றன. கெட்ட இடத்தில் வளர்ந்தவைதான் நீடிக்கின்றன என்பதை ஷுல்மன் அதற்கு முன்பே, 1954இல், எழுதியிருந்தார். உணவு தரும் இலை குறையும்போது, உணவு கேட்கும் உயிர்த்தண்டும் குறுகினால் கணக்கு நேராகிவிடுகிறது. பாதி பட்டுப்போவது அந்த மரத்துக்குத் தோல்வி இல்லை, பிழைக்கும் முறை.

ஷிம்பாகு மரம் போன்சாய் உலகுக்கு வந்த கதையும் இதுவே. ஜப்பானின் ஷிகோகு தீவில் இஷிசுச்சி மலை, பிறகு நீகாதா மாகாணத்தில் இதோய்கவா அருகே மியோஜோ மலையின் சுண்ணாம்புப் பாறைச் சுவர்கள். இந்த இடங்களில் கயிறு கட்டி இறங்கி இம்மரங்களைப் பெயர்த்து எடுத்தார்கள். உயிரைவிட்டவர்களும் உண்டு. எட்டிய இடங்களில் இன்று ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை, அது வேறு ஒரு சோகம். அந்தப் பாறைகளில் பனிச்சுமை கிளையை ஒடித்திருக்கும், விழுந்த கல் பட்டையை உரித்திருக்கும், ஒரு பக்கத்து வேர் காய்ந்திருக்கும். வெளுத்த கட்டையைச் சுற்றிச் செந்நிறப் பட்டை ஒன்று கொடிபோல முறுகி ஏறி, எங்கோ ஓர் ஓரத்தில் பச்சையைத் தாங்கி நிற்கும். ஜப்பானியப் போன்சாய்க் கலையில் பட்ட கிளைக்கு ஜின் என்றும், தண்டில் பட்டையில்லாமல் வெளுத்த பகுதிக்கு ஷாரி என்றும் பெயர்கள் நிலைத்தன. இந்தக் கட்டைகளை யாரும் ஒளித்துவைக்கவில்லை. முன்னால் திருப்பி வைத்தார்கள்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். மலையில் முந்நூறு ஆண்டில் கொஞ்சம் கொஞ்சமாக நடந்ததையும், நம் தொட்டியில் ஒரு கோடையில் திடீரென்று நடந்ததையும் எப்படி ஒன்றாகப் பேசலாம்? சரியான கேள்வி. வேகம் முக்கியம்தான். மலைமரத்துக்கு ஒவ்வொரு இழப்புக்குப் பிறகும் கணக்கை நேராக்கிக்கொள்ள அவகாசம் கிடைத்தது. தொட்டி மரத்துக்கு அந்த அவகாசத்தை நாம்தான் தர வேண்டும். இந்த மறுப்பு என் வாதத்தை உடைப்பதில்லை. அதற்கு ஒரு நிபந்தனையைச் சேர்க்கிறது. உருவத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் வேரைப் பற்றிப் பேச வேண்டும்.

வாருங்கள், வேருக்குப் போவோம். நுனிகள் மட்டும் மரம் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கருகினால் செஞ்சிலந்தியையோ நுனிக்கருகல் பூஞ்சையையோ சந்தேகியுங்கள். அதற்கு மருந்து உண்டு, அதோடு முடிந்தது. ஒரு கிளை முழுதாக, அதற்குக் கீழே தண்டில் ஒரு பட்டை நெடுக, போயிருந்தால் வேரைச் சந்தேகியுங்கள். ஜூனிப்பர் இதில் மிகவும் ஏமாற்றும். வேர் செத்துப் பல வாரங்கள் ஆன பிறகும் இலை பச்சையாகவே நிற்கும். பழுப்பு நிறம் வரும்போது செய்தி பழசாகிவிட்டிருக்கும். நேற்று நீர் ஊற்ற மறந்ததால் இன்று பழுத்தது என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் தவறாகவே நினைக்கிறார்கள். அடிக்கடி நடப்பது அதற்கு நேர் எதிரானது: நீர் அதிகமாகி, காற்றில்லாமல், வேர் அழுகியது. போன்சாய்த் தொட்டி ஆழம் குறைந்தது. நீர் வடிந்து நின்ற பிறகும் எந்தத் தொட்டியிலும் அடியில் ஓர் அடுக்கு ஈரமாகவே தங்கும். அந்த அடுக்கின் உயரம் தொட்டியின் ஆழத்தைப் பொறுத்ததில்லை, மண்துகளின் பருமனைப் பொறுத்தது. பொடிமண்ணில் அது உயரும், பரல்மண்ணில் தாழும். ஆழமான தொட்டியில் அந்த அடுக்குக்கு மேலே வேருக்கு மூச்சுவிட இடம் இருக்கிறது. ஆழமில்லாத தொட்டியில், மண் மாற்றாமல் ஆண்டுகள் கடந்து, பரல்கள் நொறுங்கிப் பொடியான பிறகு, அந்த இடமே இல்லாமல் போகிறது. ஆக, முதல் வைத்தியம் அகாடாமா என்னும் ஜப்பானியக் களிமண், எரிமலை நுரைக்கல் போன்ற பரலான, சலித்த மண்ணும், அதைக் கொள்ளும் பெரிய வளர்ப்புப் பெட்டியும்தான். அழகான பீங்கான் தொட்டி சிலகாலம் அலமாரியில் இருக்கட்டும்.

அன்பு செய்யும் கேடுகளை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நோயைவிட நோய்க்குப் பின் வரும் உபசாரத்தில் போகும் மரங்கள் நிறைய. மரம் வாடுகிறது என்று உரம் வைப்பார்கள். உறிஞ்சும் சல்லிவேர் இல்லாத மரத்துக்கு உரம் வைத்தால் உப்புதான் சேரும். வாடுகிறது என்று இன்னும் நீர் ஊற்றுவார்கள். அழுகிய வேருக்கு அது இரண்டாவது தண்டனை. பாரம் குறையட்டும் என்று மிஞ்சிய பச்சையைக் கவாத்து செய்வார்கள். இதுதான் எல்லாவற்றிலும் மோசம். புதுவேர் முளைக்க வேண்டிய உணவு எங்கிருந்து வரும்? அந்தப் பச்சையிலிருந்துதான். மிஞ்சிய ஒற்றைக் கிளை நீண்டு அசிங்கமாகத் தொங்கினாலும் தொங்கட்டும். அதன் நுனிகள் ஓடுவது வேர் ஓடுவதற்கு அடையாளம். இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். ஜூனிப்பர் இலையில்லாத முதுகட்டையிலிருந்து புதிதாகத் துளிர்ப்பது மிகவும் அரிது. பைனும் அப்படியே. ஒரு கிளையில் பச்சை முழுவதையும் வெட்டினால் அந்தக் கிளையைக் கொன்றுவிட்டோம் என்றே பொருள். பட்டது எது, உயிருள்ளது எது என்று ஐயம் வந்தால் பட்டையை நகத்தால் இலேசாகக் கீறிப் பார்க்கலாம். அடியில் பச்சையும் ஈரமும் தெரிந்தால் உயிர். பழுப்பும் உலர்வும் தெரிந்தால் போனது. அதையும் தினமும் செய்ய வேண்டாம், மரத்துக்குத் தோல் மிச்சம் இருக்க வேண்டும்.

அப்புறம் காத்திருத்தல். வெயில் கொதிக்காத இடம், காற்றோட்டம், இலைமேல் அவ்வப்போது நீர்த்தெளிப்பு, மேல்மண் காயத் தொடங்கியபின் அடுத்த நீர். இவ்வளவுதான். ஒரு முழுப்பருவமாவது, பெரும்பாலும் இரண்டு, சில சமயம் மூன்று. தொட்டி மாற்றிய பருவத்திலேயே கனமாகக் கம்பி கட்டி வளைப்பதோ, வளைத்த பருவத்திலேயே வேரைக் கிளறுவதோ கூடாது என்பதே தேர்ந்த தோட்டக்காரர்கள் பலரின் கருத்து. இது சோம்பேறித்தனமில்லையா என்று கேட்கலாம். இல்லை. இந்தக் காலத்தில்தான் உயிர்ப்பட்டையின் எல்லை எது என்பதை மரம் நமக்குக் காட்டுகிறது. பட்ட பக்கத்துப் பட்டை சுருங்கி உலர்ந்து தானாகப் பெயரும். உயிருள்ள பக்கம் விளிம்பில் திரண்டு உப்பும். முதல் மாதத்தில் கத்தியெடுத்தவருக்கு இந்த எல்லை தெரியாது. ஊகித்து வெட்டுவார், உயிரையும் சேர்த்து வெட்டுவார்.

இப்போது உருவத்துக்கு வருகிறேன். நாம் நினைத்த மரத்தையே எடுத்துக்கொள்வோம். மூன்றாம் ஆண்டு. வலப்பக்க அடிக்கிளை செழித்து நீண்டிருக்கிறது. அதற்கு உணவு தரும் பட்டை தண்டின் பின்புறமாகத் தொடங்கி, முறுகி, வலப்பக்கம் வந்து கிளையில் சேர்கிறது. பழைய முகப்பிலிருந்து பார்த்தால் பட்ட கட்டைதான் தெரிகிறது, உயிர்ப்பட்டை மறைந்திருக்கிறது. பழைய உருவத்தில் மனம் வைத்தவர் இங்கே என்ன செய்வார்? அந்த ஒற்றைக் கிளையை மேலே வளைத்து உச்சியாக்கி, அதன் பக்கக்கிளைகளைப் பட்ட பக்கத்துக்கு இழுத்து, இருந்த முக்கோணத்தை மறுபடி கட்டப் பார்ப்பார். கட்டிவிடவும் முடியும், கம்பியால் எதையும் கட்டலாம். ஆனால் தண்டு ஒரு கதை சொல்லும், இலை வேறொரு கதை சொல்லும். இவ்வளவு பெரிய தண்டுக்கு இவ்வளவு மெல்லிய கிளைகளா என்று பார்ப்பவர் கண் உடனே கேட்கும். பச்சை கட்டையின் காயத்தை மூடும் திரைச்சீலையாகிவிடும்.

அதற்குப் பதிலாக மரத்தைச் சுற்றி வாருங்கள். உயிர்ப்பட்டை வேரில் தொடங்கி இலைக்குப் போகும் வழி முழுவதும் தெரிகிற ஒரு கோணம் இருக்கும். பட்ட கட்டையும் அதற்குப் பக்கத்தில் தெரியும். அதுவே புதிய முகப்பு. முன்னே பின்னே சற்றுச் சாய்த்துப் பாருங்கள், இருபது பாகை சாய்த்தாலே நிமிர்ந்த மரம் காற்றில் சாய்ந்த மரமாகிவிடும். பிறகு உயரத்தைக் கேள்வி கேளுங்கள். தண்டின் பருமனைப்போல ஆறு மடங்கு உயரம் என்று பாடநூல்களில் ஒரு கணக்கு உண்டு. பட்ட உச்சியை அப்படியே விட்டால் மரம் நெட்டையாகத் தெரியும். பாதிக்குச் சுருக்கி, முனையை இழையிழையாகக் கிழித்து ஜின்னாக்கினால், அதே தண்டு திடீரென்று பருத்து, முதுமை ஏறி நிற்கும். இழந்ததால் கிடைக்கும் இலாபம் இது. தப்பிய கிளை கீழே இருப்பதால் அதைத் தாழ்த்தி, தொட்டியின் விளிம்புக்கு அருகே தொங்கவிட்டு, அதன் ஒரு பக்கக்கிளையை மட்டும் சிறிய உச்சியாக எழுப்பலாம். பருத்த கிளையை வளைக்க வேண்டுமானால் ஈர ராஃபியா நாரை இறுகச் சுற்றி, அதன்மேல் கம்பி கட்டி, ஒரே நாளில் முடிக்காமல் வாரக்கணக்கில் வளைக்க வேண்டும். ஆறு கிளை அடுக்கு இருந்த இடத்தில் இப்போது ஒரே ஒரு பச்சை அசைவு. பழைய மரத்தைவிட இது எளிமையானது. பல சமயம் சிறந்ததும்கூட.

கட்டை வேலையில் ஒரு சிறு நுட்பம். பட்ட பட்டையை நீக்கி, உலர்ந்த கட்டையைத் துலக்கி, கந்தகச் சுண்ணாம்புக் கரைசல் தடவுவார்கள். முதலில் மஞ்சளாக இருக்கும், அழுகிய முட்டை நாற்றம் அண்டை வீட்டாரின் பொறுமையைச் சோதிக்கும், வெயிலில் உலர்ந்ததும் வெளுக்கும். பூஞ்சையைத் தடுத்துக் கட்டையைக் காப்பதே அதன் முதல் வேலை. உயிர்ப்பட்டையிலும் மண்ணிலும் படாமல் தடவ வேண்டும். மண்ணை ஒட்டிய கட்டைதான் முதலில் உளுக்கும் என்பதால் அங்கே கவனம் கூடுதலாக வேண்டும். இதற்குப் பின் ஆண்டுகள் ஓட ஓட, கட்டை தேய, அதையொட்டி உயிர்ப்பட்டை பருத்து மேடாகும். பள்ளமும் மேடும் ஆழமாகும். எந்த உளியாலும் இதைச் செய்ய முடியாது.

உளி என்றதும் அடுத்த மறுப்பு வருகிறது. ஜின்னும் ஷாரியும் பொய் அல்லவா? உயிருள்ள கிளையின் பட்டையை உரித்து, மின்கருவியால் குடைந்து, மலைப்புயல் செய்ததுபோலக் காட்டுவது நாடகம் அல்லவா? ஜப்பானின் ஓமியாவில் 1940இல் பிறந்த போன்சாய்க் கலைஞர் மசாஹிகோ கிமுரா, மின்கருவிகளைக் கொண்டு பழைய ஜூனிப்பர்களை அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றிக் காட்டியபோது இந்தக் குற்றச்சாட்டு அவர்மேல் பலமாக எழுந்தது. பதினைந்து வயதில் தொடங்கிப் பதினோர் ஆண்டுகள் குருகுலவாசம்போலத் தொழில் கற்றவர் அவர். மரத்தை அறியாமல் கருவியை எடுத்தவரில்லை. ஆனாலும் அவரைப் பார்த்துக் கருவியை மட்டும் கற்றுக்கொண்டவர்கள் உலகெங்கும் உண்டு. அவர்கள் குடைந்த கட்டைகளில் எல்லாப் பள்ளமும் ஒரே ஆழம், எல்லா வளைவும் ஒரே வட்டம். இந்த மறுப்பில் பாதியை நான் ஏற்கிறேன். நலமான மரத்தில் நாடகத்துக்காகச் சாவை வரவழைப்பது எனக்கு உவப்பில்லை. ஆனால் நாம் பேசும் மரம் அது இல்லை. இங்கே சாவை மரமே கொண்டுவந்துவிட்டது. எல்லை எங்கே என்பதையும் மரமே வரைந்துவிட்டது. கட்டையின் நார் எப்படி முறுகி ஓடுகிறதோ அப்படிக் கையால் கிழித்து இழுத்தால் போதும், கருவிக்கு வேலை மிகக் குறைவு. பொய் எதில் இருக்கிறது என்றால், பட்டதை இலையால் மூடி ஒன்றும் நடக்காததுபோல் காட்டுகிற பழைய உருவத்தில்தான் இருக்கிறது.

மூன்றாவது மறுப்பு உணர்ச்சி கலந்தது, அதனால் கனமானது. முன்னோர் ஒருவர், ஆசான் ஒருவர் வகுத்த உருவத்தை மாற்ற நாம் யார்? வாஷிங்டனில் உள்ள அமெரிக்க தேசிய மரத்தோட்டத்தில் யமாகி பைன் என்ற வெண்பைன் இருக்கிறது. 1625 முதல் தொட்டியில் வளர்வதாகக் கணக்கு. ஹிரோஷிமாவில் 1945 ஆகஸ்ட் 6 அன்று குண்டு விழுந்த இடத்திலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவில், யமாகி குடும்பத்தின் தோட்டச் சுவருக்குப் பின்னால் இருந்து தப்பியது. 1976ஆம் ஆண்டு நடந்த அமெரிக்காவின் இருநூறாவது ஆண்டு விழாவுக்கு ஜப்பான் அளித்த போன்சாய்களில் ஒன்றாகக் கப்பல் ஏறாமல் விமானம் ஏறிப் போனது. அது ஹிரோஷிமாவில் தப்பிய மரம் என்பது 2001இல் அந்தக் குடும்பத்துப் பேரர்கள் வந்து சொன்ன பிறகே அங்கே தெரிந்தது. இந்த நானூறு ஆண்டுகளில் அதன் ஊசியிலைகள் எத்தனை முறை உதிர்ந்து முளைத்திருக்கும்? எத்தனை கிளைகள் நீண்டு, வெட்டுப்பட்டு, வேறு கிளைகளுக்கு இடம் விட்டிருக்கும்? தொடங்கி வைத்த கை பார்த்த உருவத்தோடு அது இன்று இருக்க முடியாது. அதே தோட்டத்தில் போன்சாய் ஆசான் ஜான் நாகா 1948இல் தொடங்கி 1984இல் வழங்கிய கோஷின் என்ற பதினொரு ஜூனிப்பர்களின் காடு இருக்கிறது. பேரப்பிள்ளைகள் கூடக்கூட மரங்களும் கூடி அந்த எண்ணிக்கைக்கு வந்தது. அதன் உச்சிகள் வெளுத்த ஜின்களாக வானத்தைப் பார்த்து நிற்கின்றன. அந்தப் பட்ட உச்சிகளை நீக்கிவிட்டு நினைத்துப் பாருங்கள், பாதி கம்பீரம் போய்விடும். ஆசான்கள் நமக்கு விட்டுச்சென்றது கண்ணும் கையும். ஒரு குறிப்பிட்ட ஆண்டின் உருவத்தைப் பூட்டிவைக்கச் சொல்லிவிட்டுப் போகவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, நம் ஊரில் ஜூனிப்பரே சமவெளி வெக்கையில் தவிக்கிறதே, ஆலும் இச்சியும் அரசும் வைத்திருக்கிற எங்களுக்கு இதனால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். ஆலின் கட்டை மென்மையானது. நம் மழையிலும் புழுக்கத்திலும் அது வெளுத்து நிற்காது, ஓரிரு ஆண்டில் உளுத்து, கரையான் வந்து சேரும். அதில் ஜின் செய்வது வீண்வேலை. மேப்பிள் போன்ற இலையுதிர் மரங்களிலும் ஜப்பானியர் ஜின்னை விரும்புவதில்லை. காயம் மூடிக்கொள்ளட்டும், அல்லது பொந்தாகட்டும் என்றே விடுகிறார்கள். ஆனால் ஜூனிப்பரால் முடியாத ஒன்றை ஆல் செய்யும். உயிருள்ள இடம்வரை வெட்டிவிட்டால் முதுதண்டிலிருந்தே கொத்துக்கொத்தாகத் துளிர்க்கும், விழுது இறக்கும், விழுதைத் தண்டோடு ஒட்டவிட்டால் காயத்தை விழுங்கும். ஆகவே அங்கே பட்டதை முழுவதும் நீக்கி, வரும் துளிர்களை ஒரு பருவம் தாறுமாறாக ஓடவிட்டு, எது எங்கே வலுவாக வருகிறது என்று பார்த்தபிறகே தேர்ந்தெடுக்க வேண்டும். புளி இரண்டுக்கும் இடைப்பட்டது. வைரம் பாய்ந்த அதன் கட்டை பொந்து விழுந்தும் நிற்கும், சாலையோரத்து முதுபுளிகளைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. முறைகள் மாறுகின்றன. ஆனால் உருவத்தை ஞாபகத்திலிருந்து எடுக்காமல் உயிர் ஓடும் வழியிலிருந்து எடுப்பது என்ற ஒன்று மூன்று மரங்களுக்கும் மாறவில்லை.

எல்லா மரத்தையும் காப்பாற்றலாம் என்று நான் சொல்லவில்லை. பச்சை இருக்கிறது, ஆனால் வேர் முழுவதும் கறுத்து, கையில் பிசுபிசுத்து வருகிறது என்றால், அந்தப் பச்சை பொய்ப்பச்சை. அப்போது மிஞ்சிய நுனிகளைக் கிள்ளி நட்டுவையுங்கள், சில வேர்விடும். அந்த நிலையில் சிலர் ஓர் இளஞ்செடியைப் பட்ட கட்டையின் பள்ளத்தில் பொருத்தி, ஆணியும் கம்பியும் கொண்டு இறுக்கி, கட்டையே தழைத்ததுபோலக் காட்டுவார்கள். ஜப்பானில் இதற்கு தனுகி என்று பெயர், வேடம் மாறி ஏமாற்றுவதாகக் கதைகளில் வரும் ஒரு விலங்கின் பெயர். திறமையாகச் செய்தால் கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். பெயர்ப்பலகையில் தனுகி என்றே எழுதிவைத்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அதை மீட்பு என்று சொல்லாதீர்கள். அங்கே பழைய மரம் இறந்துவிட்டது. நிற்பது வேறு மரம், பழைய மரத்தின் எலும்பைப் போர்த்திக்கொண்டு. மூன்றாண்டு காத்திருந்து ஒரு சாண் பட்டையை நம்பி ஒரு கிளையை வளைத்தவரின் மரத்தையும் இதையும் ஒரே மேசையில் வைக்கும் கண்காட்சிக் குழுக்கள் இரண்டையும் தனித்தனி வரிசையில் வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

நேரம் ஆகிவிட்டது. முன்வரிசையில் சிலர் தொட்டிகளோடு வந்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அவற்றை மேடைக்குக் கொண்டுவாருங்கள். வெட்டுவதற்கு முன் சுற்றிப் பார்ப்போம்.